குதிரை ஏற ஒரு கால்

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டில் ஒரே கதையைத் திருப்பித் திருப்பி நாடகமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜனங்களும் சலிக்காமல் பார்த்தார்கள். கதை இதுதான். ஒரு திருடன். தாசி வீட்டில் கையிலிருந்ததையெல்லாம் தொலைக்கிறான். பணத்துக்காகப் பெரிய இடத்துக் குதிரை ஒன்றைத் திருடப் போகிறான். மாட்டிக்கொள்கிறான். காலை வெட்டிவிடுகிறார்கள். ஒற்றைக் காலில் தாவித் தாவிப் போய், கடைசியில் ஒரு சன்னிதியில் விழுந்து அழுகிறான். தெய்வம் மனம் இரங்குகிறது. போன கால் திரும்ப வருகிறது. சுபம், மங்களம்.

இதற்கு நொண்டி நாடகம் என்று பெயர். திருச்செந்தூர் நொண்டி நாடகம், திருக்கச்சூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் என்று வரிசையாக உண்டு. ஊருக்கு ஊர் சாமி மாறும். சீதக்காதி நாடகத்தில் மதமே மாறும். கதை மட்டும் மாறாது. அந்த ஒற்றைக்கால் தாவலுக்கு ஏற்ற சந்தம்தான் நொண்டிச் சிந்து. பின்னால் அது பாரதியார் கைக்குப் போய் வேறு உயரத்துக்கு ஏறியது, அது தனிக்கதை.

இந்த நாடகங்களில் என்னை உறுத்துவது கடைசிக் காட்சி. கால் கிடைத்ததும் அவன் என்ன செய்கிறான்? கும்பிடுகிறான். பக்தனாகிவிடுகிறான். குதிரையைப் பற்றி அப்புறம் பேச்சே கிடையாது. குதிரை மேல் ஆசைப்பட்டதால்தானே கால் போச்சு, திரும்பக் கிடைத்ததே பெரிசு, இனிமேலாவது வாயை மூடிக்கொண்டு ஒழுங்காக இரு என்பதுதான் மொத்த நாடகத்தின் சாரம்.

நொண்டி நாடகம் வழக்கொழிந்துவிட்டது என்கிறார்கள் தமிழ்ப் பேராசிரியர்கள். அவர்கள் கல்யாண மண்டபங்களுக்குப் போவதில்லை போலிருக்கிறது. 'செயற்கைக் கால் வழங்கும் விழா' என்று பேனர் கட்டி, வருஷா வருஷம் ஏதாவது ஒரு ஊரில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மேடையில் பிரமுகர். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் காலையிலிருந்து காத்திருக்கும் மனிதர்கள். பெயர் கூப்பிட்டதும் ஒருவர் தவழ்ந்தோ, தாங்குகட்டையைப் பிடித்துக்கொண்டோ மேடைக்கு வருவார். மேடைக்குச் சாய்தளம் இருக்காது, நாலு படி இருக்கும். கால் கொடுக்கப்படும். போட்டோ எடுக்கப்படும். அவர் கும்பிடுவார். இதில் நொண்டி நாடகத்துக்கு எந்த அம்சம் குறைகிறது?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். பேரூராட்சி. சுற்றிலும் நெல், மணிலா. (வேர்க்கடலை என்று சொன்னால் அங்கே உங்களைச் சென்னைக்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.) அங்கே ஒரு டீக்கடையில் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். பெயர் வேண்டாம். லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உதவித்தொகை வரவில்லை, மனு எழுதித் தரச் சொல்வார் என்று நினைத்தேன்.

"சார், ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது. கட்டைக்கால் வெச்சிக்கிட்டு குதிரை ஏற முடியுமா?"

நான் சிரிக்கவில்லை. டீக்கடையே சிரித்தது. "நடக்கவே வழியக் காணோம், தொரைக்கு குதிரை கேக்குதா?" என்றார் ஒரு பெரியவர். "தேசிங்கு ராஜான்னு நெனப்பு" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். கிண்டலில் கேலியைவிடப் பாசம்தான் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும்.

தேசிங்கை இழுத்தது தற்செயல் இல்லை. அந்தச் சாலையில் நேராகப் போனால் செஞ்சிக் கோட்டை. 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு மோதி, இருபது சொச்சம் வயசில் செத்துப்போன தேஜ்சிங்தான் நம் தேசிங்கு ராஜன். யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கி ஏறிய கதையை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாட்டாகவோ கூத்தாகவோ கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் மராட்டியக் கோட்டை என்ற கணக்கில் செஞ்சி வருகிறது. ஊர்க்காரர்களுக்கு அது எப்போதும் தேசிங்கு கோட்டைதான்.

இந்த இளைஞருக்குக் குதிரை ஆசை வந்தது கூத்திலிருந்து இல்லை. சின்ன வயசில் அப்பாவோடு திருவண்ணாமலை தீபச் சந்தைக்குப் போவாராம். கார்த்திகை தீபத்தையொட்டி நடக்கிற மாட்டுச் சந்தை அது. மாட்டோடு குதிரையும் விற்பனைக்கு வரும். வாங்க வந்தவர் முன்னால் ஏறி ஓட்டிக் காட்டுவார்கள். "எங்கப்பா மாடு பாத்துக்கினு இருப்பாரு. நான் குதிரைப் பக்கமே நிப்பேன் சார். பெரியாளானதும் ஒரு வாட்டி ஏறிடணும்னு நெனச்சேன்." பெரியாளானார். வேலை, கடன், தங்கச்சி கல்யாணம். அப்புறம் விபத்து.

கேம்ப்பில் கொடுத்த கால் என்ன ஆச்சு என்று கேட்டேன். "பரண் மேல கெடக்குது சார்." போட்ட புதிதில் சரியாக இருந்ததாம். ஆறேழு மாசத்தில் லூசாகி, நடக்கும்போது லொடக் லொடக் என்று ஆடியதாம். பழைய பனியனைக் கிழித்து உள்ளே திணித்து நடந்தார். புண்ணானது. சீழ் வைத்தது. பரணில் ஏற்றிவிட்டார். கால் கொடுத்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள், எங்கே போய்ச் சொல்வது என்று எந்தச் சீட்டிலும் இல்லை.

இது அவருடைய துரதிர்ஷ்டம் இல்லை. எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த விஷயம். கால் வெட்டிய பிறகு மீந்திருக்கும் பகுதி முதலில் வீங்கியிருக்கும். மாசக்கணக்கில் மெல்ல மெல்ல வற்றிச் சுருங்கும். தசை இளைக்கும், வடிவம் மாறும். அது ஒரு நிலைக்கு வர ஒரு வருஷம், சிலருக்கு அதற்கும் மேலே ஆகும். ஆகவே முதலில் செய்கிற கால் தற்காலிகக் கால். மீந்த கால் உட்காருகிற அந்தக் கிண்ணத்தை, சாக்கெட் என்பார்கள், மறுபடி அளவெடுத்து மாற்றியே ஆக வேண்டும். குழந்தைகளுக்கு வளர வளர மாற்ற வேண்டும். செயற்கைக் காலில் பாதமும் குழாயும் கடையில் வாங்கிவிடலாம். சாக்கெட்தான் உயிர். ஜாக்கெட் தைக்கிற டெய்லர்கூட 'போட்டுப் பாத்துட்டு எடுத்தாங்க, பிடிச்சுத் தரேன்' என்கிறார். காலுக்கு அந்த மரியாதை கிடையாது. ஒரே நாளில் அளவு, இன்னொரு நாளில் விநியோகம், மூன்றாம் நாள் பேப்பரில் செய்தி.

நான் காமர்ஸ் படித்தவன். இதைக் கணக்குப் புத்தகமாகத்தான் பார்க்க முடிகிறது. ஒரு மெஷின் வாங்கினால் அது சொத்து. தேய்மானம் எழுத வேண்டும், பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். கேம்ப் கணக்கில் செயற்கைக் கால், அன்றைக்கு வாங்கிய பூமாலைக்குப் பக்கத்தில் செலவாக எழுதப்படுகிறது. எழுதியவுடன் கணக்கு முடிந்தது. 'இத்தனை கால் வழங்கினோம்' என்று ஆண்டறிக்கை சொல்லும். அதில் எத்தனை இப்போது நடந்துகொண்டிருக்கின்றன, எத்தனை பரணில் என்று சொல்லுகிற பத்தி எந்த அறிக்கையிலும் இல்லை. விற்றதை மட்டும் எழுதி, திரும்பி வந்த சரக்கை எழுதாத வியாபாரியை எந்த ஆடிட்டர் விடுவார்?

சரி, அந்த இளைஞர் கேட்ட கேள்விக்கு வருவோம். முடியுமா?

உலகத்திலேயே பழைய செயற்கைக் கால் கதைகளில் ஒன்று ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில் இருக்கிறது. போட்டியிலோ போரிலோ காலை இழந்த விஸ்பலா என்பவளுக்கு அசுவினி தேவர்கள் ஓர் உலோகக் காலைப் பொருத்துகிறார்கள். அவளும் திரும்ப ஓடுகிறாள். அசுவினி தேவர்கள் பெயரிலேயே குதிரை இருக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை, விஸ்பலா பெண்ணே இல்லை, பந்தயக் குதிரை என்று வாதாடும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. எப்படியோ, காலும் குதிரையும் அப்போதே சேர்ந்துதான் வந்திருக்கின்றன. நம் நாடகக்காரர்கள் மாதிரி வேதக்காரர்கள் அவளைக் கும்பிட்டுவிட்டு உட்காரச் சொல்லவில்லை. போய் ஓடு என்றார்கள்.

1398-ல் டெல்லியைச் சூறையாடிய தைமூர் நொண்டி. பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டது, 'லங்' என்றால் பாரசீகத்தில் நொண்டி. 1941-ல் சோவியத் ஆட்கள் சமாதியைத் திறந்து எலும்பைப் பார்த்தபோது வலது கால் பாதிக்கப்பட்டிருந்தது உறுதியானது. அந்தக் காலோடு அவர் பாதி ஆசியாவைச் சுற்றியது குதிரை மேல்தான். கொடுங்கோலன், சந்தேகமே இல்லை. ஆனால் 'உனக்கெதற்குக் குதிரை' என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ராஜஸ்தானத்து ராணா சங்காவுக்கு ஒரு கண், ஒரு கை போய், ஒரு காலும் நொண்டி. 1527-ல் கான்வாவில் பாபரை எதிர்த்து வந்தார். யோசித்துப் பார்த்தால் மனுஷன் கண்டுபிடித்த முதல் மாற்றுக் கால் குதிரைதான். தரையில் நொண்டுகிறவன் அதன் மேல் ஏறினால் மற்றவனுக்குச் சமம். நமக்கோ குதிரையையும் நொண்டியையும் சேர்த்தால் ஞாபகம் வருவது 'நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு' என்ற பழமொழி.

இவர்கள் நிஜக் காலோடு ஏறியவர்கள், கட்டைக்காலோடு ஏறியவரைச் சொல் என்பீர்கள். சொல்கிறேன். 1815 ஜூன் 18, வாட்டர்லூ யுத்தம். பிரிட்டிஷ் குதிரைப்படைத் தளபதி அக்ஸ்பிரிட்ஜ் பிரபுவின் வலது காலைக் குண்டு சிதைத்துவிட்டது. முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். ஜேம்ஸ் பாட்ஸ் என்ற லண்டன் கைவினைஞர் செய்த, முழங்காலும் கணுக்காலும் மடங்குகிற மரக்கால் அவருக்குப் பொருத்தப்பட்டது. ஆங்கிள்சி பிரபு என்று பட்டம் உயர்ந்ததால் அந்தக் காலுக்கே 'ஆங்கிள்சி கால்' என்று பெயர் வந்துவிட்டது. 1821-ல் நான்காம் ஜார்ஜ் முடிசூட்டு விருந்து. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் குதிரை மேல் வந்த பிரபுக்களில் இவரும் ஒருவர். முழங்காலுக்கு மேலே காலில்லாதவர், விருந்து நடக்கிற கூடத்துக்குள், மிரளக்கூடிய குதிரை மேல். அப்புறம் 1854 வரைக்கும் வாழ்ந்தார். பிரபுவுக்குப் பணம் இருந்தது, வேலையாட்கள் இருந்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும்.

பிரபு வேண்டாம் என்றால் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டலைப் பாருங்கள். 1944-ல் கர்ப்பிணியாக இருந்தபோது போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே கால்கள் செத்துவிட்டன. குதிரை மேல் ஏற்றிவிட ஆள் வேண்டும், இறக்கிவிட ஆள் வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் என்கிற குதிரை நடைப் போட்டியில் வெள்ளி வாங்கினார். மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டி இல்லை, சாதாரண ஒலிம்பிக். ஆண்களோடு சேர்ந்து. அதற்கு முந்தின ஒலிம்பிக் வரைக்கும் அந்தப் போட்டியில் ராணுவ அதிகாரிகளைத் தவிர வேறு யாருக்கும் இடமே கிடையாது. 1956-ல் இன்னொரு வெள்ளி. 1996 அட்லாண்டாவிலிருந்து பாராலிம்பிக்கில் குதிரையேற்றம் இருக்கிறது. 2016 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையக் குண்டுவெடிப்பில் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்த பதினேழு வயசுப் பெண் பியாட்ரிஸ் டி லாவலெட், 2021-ல் டோக்கியோ பாராலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகக் குதிரை ஓட்டினார்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. சவாரிக்காரன் குதிரையோடு பேசுவது கையால் மட்டுமில்லை. உட்காரும் விதம், இடுப்பின் எடை, தொடை, கெண்டைக்காலின் அழுத்தம் எல்லாம் சேர்ந்துதான் அதற்கு மொழி. முழங்காலுக்குக் கீழே மட்டும் போனவருக்குத் தொடையும் முழங்காலும் சொந்தம். அழுத்த முடியும். எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்ச்சிதான் இருக்காது. போட்டிகளில் அந்தப் பக்கம் கெண்டைக்காலுக்குப் பதிலாகக் குச்சியால் தொட்டுச் சொல்ல அனுமதி உண்டு. குதிரை சீக்கிரம் கற்றுக்கொள்கிறது, மனுஷன் மாதிரி வாதாடுவதில்லை.

நிஜமான ஆபத்து அங்கவடியில் இருக்கிறது. கால் வைக்கிற அந்த வளையத்துக்குள் செயற்கைப் பாதம் முழுக்க நழுவிவிட்டால் ஏறியவருக்குத் தெரியாது. விழுந்தால் பாதம் சிக்கிக்கொண்டு குதிரை இழுத்துக்கொண்டு போகும். அதற்கு, முன்பக்கம் கூண்டு மாதிரி மூடிய அங்கவடி இருக்கிறது. எடை விழுந்தால் பக்கவாட்டில் திறந்துகொள்கிற அங்கவடி இருக்கிறது. பாதம் வெளியே நழுவாமலிருக்க மெல்லிய ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவார்கள், இழுத்தால் அறுந்துபோகிற அளவுக்கு மெல்லிசாக. இடது கால் இல்லாதவர் எப்படி ஏறுவது? வழக்கமாக இடது பக்கமிருந்துதான் ஏறுவார்கள். வீரர்கள் இடது இடுப்பில் வாள் கட்டியிருந்த காலத்துப் பழக்கம் என்பார்கள். வாளைக் கழற்றி எவ்வளவோ நாளாயிற்று. வலது பக்கமிருந்து ஏறலாம், ஒரு மேடை வைத்து ஏறலாம். முழங்காலுக்கு மேலே போனவர்களுக்குச் சிரமம் கூடுதல். சாக்கெட் விளிம்பு சேணத்தில் இடித்துத் தொடை இடுக்கைக் கிழிக்கும். பலர் காலைக் கழற்றி வைத்துவிட்டே ஏறுகிறார்கள்.

இன்னொன்று. குதிரை நடக்கும்போது அதன் முதுகு ஆடுகிற ஆட்டம், மனுஷன் நடக்கும்போது இடுப்பு ஆடுகிற ஆட்டத்தை ஒத்திருக்கும். இதை வைத்து ஒரு சிகிச்சை முறையே இருக்கிறது. லிஸ் ஹார்ட்டல் ஜெயித்த பிறகு ஐரோப்பாவில் அது பரவியது. ஆக டீக்கடைப் பெரியவர் சொன்னது தலைகீழ். நடக்க வழியில்லாதவருக்குத்தான் குதிரை அதிகம் பயன்படும்.

இப்போது உங்கள் கேள்வி எனக்குக் கேட்கிறது. ஏன் சார், நாட்டில் எத்தனையோ பேருக்கு நடக்கவே கால் கிடைக்கவில்லை. முதலில் அதைப் பார்ப்போம். குதிரை, நாய்க்குட்டி எல்லாம் அப்புறம்.

நியாயமாகத் தெரிகிற இந்த வாதத்தோடுதான் என் சண்டை. ஏழைக்கு எது அவசியம், எது ஆடம்பரம் என்று பக்கத்து நாற்காலியிலிருந்து முடிவு செய்கிற பழக்கம் இது. 'நடந்தால் போதும்' என்று முடிவு பண்ணிவிட்டால், எப்படி நடந்தாலும் போதும் என்றாகிவிடுகிறது. மேடையிலிருந்து இறங்குகிற வரைக்கும் நடந்தால் போதும் என்றாகிவிடுகிறது. பரண் அங்கேதான் ஆரம்பிக்கிறது. குதிரை ஏறத் தோதாக ஒரு காலுக்குச் சாக்கெட் செய்யத் தெரிந்த ஊரில், வயல் வரப்பில் நடக்க வேண்டியவருக்கு லொடக் லொடக் கால் கிடைக்காது.

ஜெய்ப்பூர் கால் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1960-களில் இங்கே கிடைத்த செயற்கைப் பாதங்கள் மேல்நாட்டு வடிவம். ஷூ போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, சமதரையில் நடக்கிறவர்களுக்கானது. கணுக்கால் மடங்காது. நம் ஆள் செருப்பில்லாமல் நடக்கிறான், சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறான், குந்தி உட்கார்ந்து வெளிக்குப் போகிறான், சேற்றில் இறங்குகிறான். ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் இருந்த ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும், டாக்டர் பி.கே. சேத்தியும் 1968-ல் ரப்பரும் மரமும் வைத்து, எல்லாப் பக்கமும் வளைகிற, வெறுங்காலாகவே தெரிகிற பாதம் ஒன்றைச் செய்தார்கள். அன்றைக்கு யாராவது 'முதலில் நடக்கட்டும், சம்மணம் எல்லாம் ஆடம்பரம்' என்று சொல்லியிருந்தால் ஜெய்ப்பூர் கால் கிடையாது. 1981-ல் டாக்டருக்கு மக்சேசே விருது வந்தது. கைவினைஞரின் பெயர் இன்னும் பலருக்குத் தெரியாது, அது நம் நாட்டு வழக்கம். சவாரியில் முதல் பாடமே 'குதிங்காலைக் கீழே அழுத்து' என்பது. குந்தி உட்காருவதற்காகக் கணுக்காலில் மடங்கும்படி செய்த அந்தப் பாதம், மடங்காத பாதத்தைவிட அங்கவடிக்கும் தோதுதான்.

அந்தக் காலோடுதான் சுதா சந்திரன் திரும்ப ஆடினார். 1981-ல் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்தில் வலது காலை இழந்தவர், 1984-ல் மேடை ஏறினார். அவர் கதை 'மயூரி' என்று படமாகி, எல்லோரும் கைக்குட்டையோடு பார்த்தோம். அதே சுதா சந்திரன் 2021 அக்டோபரில், விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்று வீடியோவில் பிரதமருக்கு வேண்டுகோள் வைக்க வேண்டி வந்தது. பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. நாற்பது வருஷம் கைதட்டிய நாட்டுக்கு, அவர் எல்லாரையும் போல ஒரு பிளேன் பிடிக்கப் போகிற பெண் என்பது மட்டும் உறைக்கவில்லை.

கைதட்டுகிற கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'ஒற்றைக் காலில் எவரெஸ்ட்! உனக்கு இரண்டு கால் இருந்தும் என்ன சாதித்தாய்?' என்று காலையில் குட்மார்னிங்கோடு அனுப்புகிறார்களே, அவர்கள். அருணிமா சின்ஹா 2013-ல் செயற்கைக் காலோடு எவரெஸ்ட் ஏறியது மகத்தான காரியம். ஆனால் அது உங்கள் சோம்பலைத் தட்டி எழுப்பச் செய்த டானிக் இல்லை. இந்தக் கூட்டத்தின் கணக்கில் கால் இல்லாதவருக்கு இரண்டே வேஷம்தான். ஒன்று பிச்சைக்காரர், இல்லையென்றால் சாதனையாளர். நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. கீழ்பென்னாத்தூர்க்காரர் மெடல் கேட்கவில்லை. ஒரு குதிரை மேல் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி, டீ குடிக்க வேண்டும் என்கிறார். மெரினாவில் காசு கொடுத்து ஏறி, பயந்து கத்தி, இறங்கிவிடுகிற குழந்தையிடம் 'சாதித்தது என்ன' என்று யாராவது கேட்கிறோமா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 29-வது பிரிவு பண்பாடு, பொழுதுபோக்கு பற்றியது. 30-வது பிரிவு விளையாட்டு பற்றியது. பிச்சை என்ற சொல் அதில் எங்கும் இல்லை. பெயர் வைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளி ஆனார். டெல்லியில் 2015-ல் 'திவ்யாங்' என்று தெய்வ அங்கமே கொடுத்துவிட்டார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தெய்வ அங்கத்துக்கு 5 சதவீத வரி போட்டார்கள். செயற்கைக் கால், சக்கர நாற்காலி, பிரெய்லி தட்டச்சு, எல்லாவற்றுக்கும். கேட்டதற்கு மத்திய அரசு சொன்ன விளக்கம்: வரியே இல்லையென்றால் உள்நாட்டுத் தயாரிப்பாளர் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது, இறக்குமதிச் சரக்கு ஜெயித்துவிடும். பரீட்சையில் எழுதினால் முழு மார்க். ஆனால் அதே சட்டத்தில் ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம், மூலப்பொருளுக்குக் கட்டிய வரியும் திரும்பக் கிடைக்கும். வெளிநாட்டுக்காரர் போடுகிற திருப்பூர் பனியனுக்குத் தெரிந்த வழி, உள்ளூர்க்காரர் காலுக்குத் தெரியாமல் போனது எப்படி?

ஆள் இல்லை, அறிவு இல்லை என்றும் சொல்ல முடியாது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் வேலூர். அங்கே சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையம் 1966-லிருந்து இருக்கிறது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்தவர். சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.காரர்கள் 2022-ல் 'கதம்' என்று ஒரு செயற்கை முழங்கால் மூட்டை வெளியிட்டார்கள். 160 டிகிரி வரைக்கும் மடங்கும், நெரிசலான பஸ் சீட்டில்கூடக் காலை மடக்கி உட்காரலாம் என்றார்கள். யாரோ ஒருவர் டவுன் பஸ்ஸில் ஏறிப் பார்த்துவிட்டு யோசித்திருக்கிறார் என்பதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு. குதிரைக்கும் பஞ்சமில்லை. சென்னையில் போலீஸ் குதிரைப்படை இருக்கிறது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் என்.சி.சி. குதிரைப் பிரிவு இருக்கிறது. எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. வேலூரின் திறமை கீழ்பென்னாத்தூருக்கு வரவில்லை. கேம்ப் மட்டும் வந்துவிட்டுப் போகிறது.

'முடியுமா' என்ற கேள்விக்கு ராணுவம் ஒரு காலத்தில் நல்ல பதில் கண்டுபிடித்தது. 1971 யுத்தத்தில் கண்ணிவெடியில் சிதைந்த தன் காலைக் குக்ரி கத்தியால் தானே வெட்டிப்போட்ட கூர்க்கா ரெஜிமென்ட் அதிகாரி இயான் கார்டோசோ, செயற்கைக் காலோடு பட்டாலியனுக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று அடம்பிடித்தார். முடியாது என்று முதலில் சொன்னார்கள். அப்புறம் மலை ஏறிக் காட்டச் சொன்னார்கள். ஏறினார். கொடுத்தார்கள். மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். சோதித்துப் பார்த்துவிட்டு மறுக்கலாம், தப்பில்லை. டீக்கடையில் சிரித்து மறுப்பதும், ஆபீசில் கையெழுத்துப் போட்டு மறுப்பதும்தான் தப்பு.

செய்ய வேண்டியது பெரிய திட்டமெல்லாம் இல்லை. மாவட்ட மறுவாழ்வு அலுவலகத்தில் சாக்கெட் அளவெடுக்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியன், நிரந்தர வேலையில். மாசத்தில் ஒரு நாள் அவர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கொடுத்த ஒவ்வொரு காலுக்கும் ஒரு நம்பர், ஆறு மாசத்துக்கொரு தடவை 'கால் எப்படி இருக்கு' என்று ஒரு போன். நடக்கிறது, பரணில் இருக்கிறது என்று இரண்டு பத்திகளும் உள்ள ஆண்டறிக்கை. பெயர், வயது, ஜாதி, வருமானம், எம்.எல்.ஏ. சிபாரிசு எல்லாம் கேட்கிற விண்ணப்பப் படிவத்தில் புதிதாக ஒரே ஒரு வரி: 'இந்தக் காலை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யப் போகிறீர்கள்?' நாற்று நட என்று ஒருவர் எழுதட்டும். லோடு வண்டி கிளட்ச் மிதிக்க என்று ஒருவர். கிரிவலம் பதினாலு கிலோமீட்டர் நடக்க என்று ஒரு அம்மா. குதிரை என்று எழுதினால், அளவெடுக்கிறவர் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்காமல், எந்தப் பக்கமிருந்து ஏறுவீங்க, பாதத்தோட அகலம் அங்கவடிக்குள்ள போகுமா, சேணத்துல உரசுற எடத்துல சாக்கெட் விளிம்பை எவ்வளவு எறக்கணும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.